சாட்சிக் கையெழுத்து

மலையாளத்தில் எனக்குத் தெரிந்தது
இரண்டரை எழுத்துத்தான்.
கறுப்புப் பலகையில் வெள்ளையாய் ஒரு க,
கட்டிப்புரளும் ஒரு ள்ள,
அதன் தலைக்கு மேல் பிறைக்கீற்று அரை எழுத்து.
கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி
பஸ் ஜன்னலில் அந்தப் பலகை வந்ததும்
இறங்கு என்பான் ஆரோக்கியம்.
பள்ளிக்கூடத்தில் இத்தனை சீக்கிரம்
நான் எதையும் படித்ததில்லை.

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை.
கயிறு ஃபேக்டரி எடைமேடையில் வேலை பார்க்கும் மூன்று பேர்.
திருமலைசாமி கையில் லோடு நோட்டு.
அதில் கோடு போட்டு வைத்திருக்கிறான்:
புளிப்பு, நுரை, தொட்டுக்க, பெஞ்சு.
பெஞ்சுக்குத்தான் கறாராய் மார்க்.
அவனுக்கு மூலம்.

அரிசி மில்லுக்குப் பின்னால் இருக்கும் கடையில்
தவிடு பறந்து நுரைமேல் உட்கார்ந்தது.
கள் ஆறு, மத்திக்குழம்பு எட்டரை.
நல்லேப்பிள்ளி வளைவுக் கடையில்
ஈ விழுந்தால் கலப்படமில்லை என்றார்
ஊற்றிக்கொடுத்த ராவுண்ணி.
குனிந்து எண்ணினோம். மூன்று.
மூன்றையும் கூட்டிப் போடச் சொன்னான் ஆரோக்கியம்.

இறக்குகிறவர்கள் பலர் எங்கள் பக்கத்து ஆட்கள்.
விடியற்காலை பஸ்ஸில் வெறுங்கையாய் வருவார்கள்,
வாய்க்காலைத் தாண்டினால்
இடுப்பில் அரிவாள் ஏறிவிடும்.
என் வீட்டுப் பின்னாலும் நாலு தென்னை உண்டு.
அதே பாளை, அதே காற்று.
முட்டி கட்டினால் கேஸ்.

இரண்டாவது குப்பியில்
திருமலைசாமிக்கு இலக்கணம் வரும்.
ஒன்றைப் பலவாக்க
தமிழில் கொஞ்சம் கள் ஊற்றினால் போதும், பார்:
நண்பர், நண்பர்கள்.
கடன், என்றான் ஆரோக்கியம்.
அதற்கப்புறம் கொஞ்ச நேரம்
கப்பையை மட்டும் தின்றோம்.

நாலாவது கடையில் ஜீப் வந்து நின்றது.
எக்சைஸ்.
ஒல்லியான பெண், கொல்லத்துக்காரி,
சட்டைப் பட்டையில் லிஜி என்று பெயர்.
பீப்பாயிலிருந்து மூன்று குப்பி எடுத்து
கார்க் அடித்து, நூல் சுற்றி,
மெழுகுவர்த்தியில் அரக்கை உருக்கினாள்.
ஒரு சாட்சி வேணும் என்றாள்.

கடையே தன் தன் கோப்பைக்குள் பார்த்தது.
ஆரோக்கியத்துக்குத் திடீரென்று ஒண்ணுக்கு வந்தது.
நான் ஏன் எழுந்தேன் என்று
இன்றைக்கும் தெரியாது.

பெயர்? மாரண்ணன்.
அப்பா? பழனியப்பன். இல்லை, இப்போது இல்லை.
வீடு? மாக்கினாம்பட்டி, பொள்ளாச்சி.
அவள் பேனா நின்றது.
தமிழ்நாடா?
ஆமாங்க.
ஃபாரத்தைப் புரட்டிப் பார்த்தாள்,
அதில் எங்கேயும் கூடாது என்று இல்லை போலிருக்கிறது.
எழுதிக்கொண்டாள்.

எங்கள் ஊருக்கு இதே ஜீப்,
இதே குப்பி, இதே அரக்கோடு வந்திருந்தால்
என் பெயர் விழும் கட்டம் வேறு.

தமிழில்தான் போட்டேன்.
மூன்று சீட்டிலும் மூன்று மாதிரி வந்தது,
ண்ண மட்டும் சுற்றிச் சுற்றி நிற்காமல் போனது.
எப்படி இருக்கு இங்கத்த கள், என்று
மெதுவாய்க் கேட்டாள்.
வாசம் தெரியும், ருசி தெரியாதாம்.
கொஞ்சம் புளிப்புங்க என்றேன்,
சத்தியம் செய்கிற குரலில்.

கடைசி பஸ்ஸை ஓடிப் பிடித்தோம்.
இந்தப் பக்கத்துப் போலீஸ்காரர்
டார்ச்சை முகத்தில் அடித்து ஊது என்றார்.
ஊதினோம்.
போங்கடா என்றார். மழை வருகிற மாதிரி இருந்தது.

அந்தக் கடைக்கு நேராக
புளிப்புக் கட்டத்தைக் காலியாய் விட்டிருக்கிறான் திருமலைசாமி.
ரிசல்ட் வரட்டும் என்கிறான்.
எட்டு மாதமாகிறது, யாரும் எழுதவில்லை.
எங்கோ ஒரு ஆபீஸ் அலமாரியில்
சிவப்பு அரக்குக்குள்
என் கோணல் கையெழுத்தைக் கழுத்தில் கட்டிக்கொண்டு
புளித்துக்கொண்டே இருக்கிறது அது.